பாஞ்சோவில் வேற்றுக் குரல்

ஆர்லிஸ் ஸ்டாம்பர் பால் குடுவையில் கரிக்கோடு போட்டு வைக்கிற ஆள். படுக்கப் போகும்போது பால் எந்த மட்டத்தில் இருந்ததோ காலையிலும் அதே மட்டத்தில் இருக்க வேண்டும். பூனை குடித்தாலும் சரி, பெண்டாட்டி குடித்தாலும் சரி, அவனுக்குத் தெரிந்தாக வேண்டும். சோளக் கிடங்கின் கதவிடுக்கில் குதிரைவால் மயிர் ஒன்றைச் செருகி வைப்பான். அது கீழே கிடந்தால் யாரோ உள்ளே போய் வந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். காற்றடித்தாலும் மயிர் விழும் என்று அவன் பெண்டாட்டி டோவி சொல்லிப் பார்த்துவிட்டாள்.

"காத்து மேலயும் எனக்கு ஒரு கண்ணு இருக்கு" என்பான்.

இப்படிப்பட்டவனோடு யார் காலம் தள்ளுவார்கள்? கூடப்பிறந்த அண்ணனோடு பேச்சில்லை. வேலிக்கல் ஒரு முழம் நகர்ந்துவிட்டதாம். மாவு மில்லுக்காரன் கூலிக்கு எடுக்கும் மாவில் கை நீள்கிறது என்று சொல்லி, மலையைச் சுற்றி அடுத்த பள்ளத்தாக்கு மில்லுக்கு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போவான். பாதிரியார் ஜெபத்தின் நடுவில் ஒற்றைக் கண்ணைத் திறந்து தன்னையே பார்த்தார் என்று சர்ச்சுக்குப் போவதையும் விட்டுவிட்டான். ஜெபத்தில் கண்ணை மூடியிருந்தவனுக்கு அது எப்படித் தெரிந்தது என்று கேட்டவர்களுக்கு இன்றுவரை பதில் இல்லை.

ஐம்பது வயதில் அவனுக்கென்று மிச்சம் இருந்தவன் ஷேட் ஆஸ்பர்ன் ஒருவன்தான். டோவியின் தம்பி. பிடில் வாசிப்பான், இலையுதிர் காலத்தில் நாயோடு ரக்கூன் வேட்டைக்குப் போவான், வேறு வேலைகளில் அவ்வளவு அவசரம் காட்ட மாட்டான். ஆர்லிஸ் அவனையும் சந்தேகப்படாமல் இல்லை. ஆனால் ஷேட் கோபித்துக்கொள்ள மாட்டான். ஆர்லிஸின் கண் இடுங்கத் தொடங்கினாலே போதும், தானே இரண்டு பாக்கெட்டையும் வெளியே இழுத்துத் தொங்கவிட்டுக் காட்டுவான். "பாத்துக்க மச்சான். புகையில, கத்தி, ஒரு ஓட்ட. ஓட்ட உன்னோடதா இருந்தா எடுத்துக்க." ஆர்லிஸுக்கே சிரிப்பு வந்துவிடும்.

அந்த மலைகளில் பிடிலும் பாஞ்சோவும் ஜோடி. பிடில் பாட்டைத் தூக்கிக்கொண்டு ஓடும், பாஞ்சோ அதன் காலடியில் தாளத்தைப் போட்டுக்கொண்டே போகும். ஒன்றில்லாமல் இன்னொன்றைக் கேட்டால் அரை வயிற்றுச் சாப்பாடு மாதிரி இருக்கும். சனிக்கிழமைதோறும் ஆர்லிஸோடு உட்கார்ந்து வாசிக்க ஷேட்டை விட்டால் பள்ளத்தாக்கில் ஆள் கிடையாது. வருடா வருடம் ஆகஸ்டில் பள்ளிக்கூடத்தில் நடக்கும் பிடில் போட்டிக்கு இருவரும்தான் சேர்ந்து போவார்கள்.

ஆர்லிஸின் பாஞ்சோ பழசு. அவன் தாத்தா காலத்தில் பீப்பாய் செய்யும் ஒருவன் செய்தது. வால்நட் மரக் கழுத்து, மேப்பிள் மரத்தை வேகவைத்து வளைத்த வளையம், அதன் மேல் சுற்றிலும் ஆணியடித்து இழுத்துக் கட்டிய சீட்டிப்பன்றித் தோல். சீட்டிப்பன்றி என்றால் பன்றி இல்லை. பீன்ஸ் கொடியை வேரோடு தின்றுவிட்டு, ஆளைக் கண்டதும் சீட்டியடித்துக்கொண்டு வளைக்குள் ஓடும் தடித்த பிராணி; பெருச்சாளியை ஊதிப் பெருக்கினாற்போல் இருக்கும். அதன் தோல் தடிமன், முரடு. அதில் ஒலி ஓடாது, குதிக்கும். அதன் மேல் ஆட்டுக் குடல் நரம்பைக் கட்டினால் சுரம் விழுந்த இடத்திலேயே உட்காரும். ரப்பர் செருப்போடு மரப்படியில் நடந்து வருகிற ஆள் மாதிரி ஒரு பொத்துப் பொத்தென்ற சத்தம். வெளியூர்க்காரனுக்கு அது மந்தமாகப் படும். ஆர்லிஸுக்கு அதுதான் பாஞ்சோ.

அதே பீப்பாய்க்காரன் கையில் பிறந்த பாஞ்சோ பள்ளத்தாக்கில் இன்னும் இரண்டு மூன்று உண்டு. ஒன்று விதவை ஒருத்தி வீட்டுச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. பார்வைக்கு எல்லாம் ஒரே ஜாடை. பாலில் கோடு போடுகிறவன் தன் பாஞ்சோவில் ஒரு கீறல்கூடப் போட்டு வைக்கவில்லை. டோவி கேட்டதற்கு, "அதோட குரல் எனக்குத் தெரியும். அடையாளம் எதுக்கு?" என்றான். அவன் வாழ்நாளில் செய்த பெரிய தப்பு அதுதான்.

ஒரு இலையுதிர் காலத்தில் மலைப்பாட்டுப் பதிவு செய்ய நகரத்திலிருந்து ஒருவன் பெரிய பெட்டியோடு வந்தான். ஆர்லிஸின் பாஞ்சோவைக் கேட்டதிலிருந்து அவன் கண் அதைவிட்டு நகரவில்லை. விலைக்குக் கேட்டான். ஆர்லிஸ் கதவைத் திறந்து பிடித்தபடி நின்றான். வந்தவன் வெளியே போகும்வரை அப்படியே நின்றான். அந்தப் பெட்டிக்காரன் அன்று இரவு தங்கியது ஷேட் வீட்டில்.

அடுத்த வசந்தத்தில் ஆர்லிஸுக்கு மலைக்கு அந்தப் பக்கம் மரம் வெட்டும் முகாமில் வேலை வந்தது. அவன் வீடு ஓடையோரம், மழைக்காலத்தில் சுவரே வியர்க்கும். ஈரம் ஏறினால் தோல் தொய்ந்துவிடும், தந்தியைத் தாங்கும் குதிரை குழியில் இறங்கிவிடும். அதனால் போகிற அன்று பாஞ்சோவை மேட்டிலிருக்கும் ஷேட் வீட்டில் கொடுத்துவிட்டுப் போனான். போகும் வழியெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டேதான் போனான்.

ஜூன் மாதம் திரும்பி வந்து, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே ஷேட் வீட்டுக்குப் போனான். பாஞ்சோவை எடுத்து மடியில் வைத்து நரம்பை ஒரு இழுப்பு இழுத்தான்.

கிணுங் என்றது.

விரலை எடுத்த பிறகும் ஒலி நிற்கவில்லை. தகர டப்பாவில் தட்டினாற்போல ஒரு ரீங்காரம் அறைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது.

"என்னடா இது?"

"நரம்பு அறுந்து போச்சு மச்சான்" என்றான் ஷேட். "மழையில. கடையில நரம்பு இல்ல, எஃகுக் கம்பி மாட்டிட்டேன். இப்ப ரேடியோவுல எல்லாரும் கம்பிதான் வாசிக்கிறான்."

"எல்லா நரம்பும் ஒண்ணா அறுந்துச்சா?"

"ஒண்ணு பின்னால ஒண்ணு."

"தோலு?"

"தோலுக்கு என்ன? அதேதான்."

சொல்லும்போது ஷேட் அவனைப் பார்க்கவில்லை. பாக்கெட்டையும் இழுத்துக் காட்டவில்லை. ஆர்லிஸ் அதைக் கவனித்தான்.

வீட்டுக்கு வந்து ஜன்னல் வெளிச்சத்தில் பாஞ்சோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தோலின் நிறம் பழுப்பாகத்தான் இருந்தது. விரலை எச்சில் பண்ணித் தேய்த்து நாக்கில் வைத்தான். காப்பி.

"டோவி! தோலுக்கு எவனாச்சும் காப்பி ஊத்துவானா?"

"ஊத்தினா அது குடிக்குமா?" அவள் சோள ரொட்டி மாவைப் பிசைந்துகொண்டிருந்தாள். "என்ன ஆச்சு இப்ப?"

"உன் தம்பி என் பாஞ்சோவ அந்தப் பெட்டிக்காரனுக்குக் கொடுத்துட்டான். இது அந்த விதவையோடதோ, அந்த மாதிரி வேற ஒண்ணோ. பழசாத் தெரியட்டும்னு காப்பி பூசிருக்கான்."

டோவி திரும்பிப் பார்த்தாள். "நிஜமாத்தான் சொல்றியா?"

"கண்ணு ஏமாறும். என் காது ஏமாறாது."

அதோடு விட்டிருந்தால் வீட்டுக்குள் முடிந்திருக்கும். மறுநாள் நரம்பு தேடி ஓவாவின் கடைக்குப் போனான். ஓவா புருஷன் போன பிறகு கடையைத் தனியாக நடத்துபவள். பள்ளத்தாக்கில் யார் தும்மினாலும் அவளுக்குத் தெரியும். பிடிலுக்கென்று வாங்கிப் போட்ட குடல் நரம்புச் சுருள் ஒன்று டிராயரின் அடியில் கிடந்ததை எடுத்துக் கொடுத்துக்கொண்டே, "எதுக்குய்யா? உன் பாஞ்சோவுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டாள்.

அடுப்பைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து புகையிலை மென்றுகொண்டிருந்தார்கள். அத்தனை பேர் முன்னாலும் ஆர்லிஸ் சொன்னான்: "என்னோடத ஷேட் ஆஸ்பர்ன் திருடி வித்துட்டான்."

 ஒருவன் மெல்லுவதை நிறுத்தி எச்சிலைத் துப்பினான்.

சாயங்காலத்துக்குள் பேச்சு மேட்டுக்கு ஏறிவிட்டது. அந்தச் சனிக்கிழமை ஷேட் பிடிலோடு வரவில்லை. அடுத்ததற்கும் வரவில்லை. வீட்டில் டோவி கத்தவும் இல்லை, அழவும் இல்லை. காலையில் ஆர்லிஸ் கோப்பையை நீட்டியபோது, "என் தம்பியத் திருடன்னு சொன்ன வாய்க்கு என் கையால காப்பி கிடையாது" என்றாள். "அவன்தான் திருடன்னு நிரூபிச்சுட்டு வா, ஊத்துறேன். இல்லேன்னா, சொன்ன இடத்துலயே போயி இல்லன்னு சொல்லிட்டு வா. எனக்குக் கூடப்பிறந்தவன்னு இருக்கறது அவன் ஒருத்தன். உனக்கும் அவன விட்டா யாரு இருக்கா?"

நிரூபிக்கத்தான் ஆர்லிஸ் உட்கார்ந்தான். அவன் கணக்கு இதுதான்: கம்பி, தோல் இரண்டையும் பழையபடி மாற்றுவது. அப்போதும் பழைய குரல் வராவிட்டால் மரம் வேறு, ஷேட் திருடன். வேறு சாட்சி வேண்டாம்.

முதலில் எஃகுக் கம்பியைக் கழற்றினான். அது ஏக விறைப்பாக இருந்தது. கம்பியை முறுக்கும் பிருடையைத் தளர்த்தியதும் பழைய கழுத்து பெருமூச்சு விட்டாற்போல லேசாகக் கிறீச்சிட்டது. குடல் நரம்பைக் கட்டி, சுருதி சேர்த்து, விரல் நகத்தின் பின்புறத்தால் அடித்தான். கம்பியின் கூர்மை போய்விட்டிருந்தது. காதைக் குத்தவில்லை. சதைப்பற்றோடு ஒரு சுரம் வந்தது. ஆனால் பின்னால் அந்த ரீங்காரம் இன்னும் வால் மாதிரி இழுபட்டுக்கொண்டு வந்தது. பாதி அவன் பாஞ்சோ, பாதி வேறு யாரோ.

சந்தோஷப்பட்டிருக்கலாம். ஆர்லிஸுக்கு எரிச்சல்தான் வந்தது. பாதிகூட வந்திருக்கக் கூடாது என்று தோன்றியது.

ஆணிகளைக் குறட்டால் பிடுங்கித் தோலை உரித்தான். வெளிப்பக்கம் பழுப்பு, உள்பக்கம் முட்டை ஓடு மாதிரி வெள்ளை. மெல்லிசாக, ஒரே சீராகச் சீவின கன்றுக்குட்டித் தோல், கடைச் சரக்கு.

"பாத்தியா! அதேதான்னு சொன்னான். பொய்!" பாஞ்சோவைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு ஓடினான். வளையத்தின் விளிம்பில் அங்கங்கே பள்ளங்கள் விழுந்திருந்தன. உப்புத்தாளால் தேய்த்து மறைக்கப் பார்த்திருந்தது தெரிந்தது. "இங்க பாரு. என்னமோ வெச்சு நெம்பியிருக்கான்."

டோவி பார்த்தாள். முகம் சுருங்கிப் போயிற்று. தம்பி பொய் சொன்னது அவளுக்கும் தெரிந்துவிட்டது. ஆனாலும், "பொய் சொன்னவனெல்லாம் திருடனா?" என்று மட்டும் கேட்டாள்.

பீன்ஸ் கொடியில் சீட்டிப்பன்றி வராத நாள் கிடையாது. விடியலில் துப்பாக்கியோடு காத்திருந்து, கிழட்டு ஆண் ஒன்றை அடித்தான். தோலை உரித்து, அடுப்புச் சாம்பலை ஈரமாக்கி அதில் புதைத்து வைத்தான். மயிர் கையோடு வரும் பதம் வந்ததும் எடுத்து, கத்தியின் மழுங்கின பக்கத்தால் சுரண்டி, ஓடையில் அலசி, ஈரத்தோடு வளையத்தின் மேல் இழுத்து, எதிரும் புதிருமாக ஆணியடித்தான். ஒரு பக்கமாகவே அடித்துக்கொண்டு போனால் தோல் கோணிக்கொள்ளும். வெயில் பட்டால் வெடிக்கும். நிழலில் தொங்கவிட்டு, போகும்போதும் வரும்போதும் விரலால் சுண்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். முதலில் சொத்துச் சொத்தென்றது. அப்புறம் தொம் என்றது. ஜூலை கடைசியில்தான் கதவைத் தட்டின மாதிரி டொக் என்றது.

அன்று நரம்பைக் கட்டி, வீட்டு முகப்பில் உட்கார்ந்து வாசித்தான்.

வால் அறுந்துவிட்டது. ரீங்காரம் போன இடம் தெரியவில்லை. சுரம் விழுந்தது, உட்கார்ந்தது, அடுத்ததற்கு இடம் விட்டது. புதுத் தோல் என்பதால் கொஞ்சம் விறைப்பு, அவ்வளவுதான். கட்டைவிரல் ஐந்தாம் நரம்பைத் தொடும்போது வருகிற அந்தச் சின்ன விக்கல்கூட அப்படியே இருந்தது. அது எந்தத் தோலுக்கும் சொந்தமில்லை, கழுத்து லேசாகத் திருகியிருப்பதால் வருவது. வேறு எந்த பாஞ்சோவிலும் வராது.

சமையலறையில் மாவு தட்டும் சத்தம் நின்றது. டோவி கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றாள். அவனைப் பார்த்தாள், பாஞ்சோவைப் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள்.

நிம்மதி வர வேண்டிய இடத்தில் ஆர்லிஸுக்கு இன்னொரு சந்தேகம் முளைத்தது. பாஞ்சோ என்னுடையதுதான். அப்புறம் எதற்காகத் தோலை மாற்றினான்? எதற்காகக் காப்பி?

பாஞ்சோவைத் தோளில் போட்டுக்கொண்டு மேட்டில் ஏறினான். ஷேட் வாசல் படியில் உட்கார்ந்து பிடில் வில்லுக்குக் குங்கிலியம் தேய்த்துக்கொண்டிருந்தான். எழுந்திருக்கவில்லை.

"எவனப் பிடிக்க வந்த? ஷெரிப்பக் கூட்டிட்டு வரலியா?"

"கேளு." ஆர்லிஸ் நின்றபடியே ஒரு பாட்டின் முதல் அடியை வாசித்தான்.

ஷேட்டின் கை நின்றது. "சீட்டிப்பன்றித் தோலா?"

"ஆமா. மரம் என்னோடதுதான். அது தெரிஞ்சு போச்சு. தோல ஏன் மாத்தின? அத மட்டும் சொல்லு."

ஷேட் மறுபடி குங்கிலியத்தைத் தேய்க்கத் தொடங்கினான். ஆர்லிஸ் பாஞ்சோவைப் படியில் சாய்த்து வைத்துவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றான். எவ்வளவு நேரமானாலும் நகர்வதாக இல்லை. அப்போது வீட்டுக்கு அடியிலிருந்து ஷேட்டின் வேட்டை நாய் ஜூனி ஊர்ந்து வந்தது. மூக்கைத் தூக்கிக் காற்றை மோந்தது. நேரே பாஞ்சோவிடம் போய், புதுத் தோலை ஆசையாக ஒரு நக்கு நக்கி, விளிம்பில் பல்லை வைத்தது.

"ஜூனி!" ஷேட் பிடில் வில்லைப் போட்டுவிட்டுப் பாய்ந்து நாயைக் கட்டிப்பிடித்து இழுத்தான். வளையத்தின் விளிம்பில், பழைய பள்ளங்களுக்குப் பக்கத்தில், புதிதாக ஒன்று விழுந்திருந்தது. ஒரே அளவு, ஒரே வடிவம்.

ஆர்லிஸ் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நரம்பையும் தின்னுட்டுதா?"

"எல்லாத்தையும். ஆணி மட்டுந்தான் மிச்சம்." ஷேட் நாயை விடவில்லை. "நான் பாக்கும்போது தந்தியத் தாங்கற குதிரைய வாயில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கு."

"என்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"சொன்னா?" ஷேட்டின் குரல் உயர்ந்தது. "முட்ட குடிக்குதுன்னு சொல்லி உன் நாயவே சுட்டியே, மறந்துட்டியா? சுட்ட அடுத்த வாரமும் முட்ட காணாமப் போச்சு. கடைசியில கோழிக் கூட்டுக்கு அடியில கருஞ்சாரப் பாம்பு படுத்திருந்துச்சு. இவ நெசமாவே தின்னிருக்கா. இவள உடுவியா நீ?"

ஆர்லிஸ் விளிம்பிலிருந்த புதுப் பள்ளத்தை விரலால் தடவினான்.

"நாயச் சுட மாட்டேன்" என்றான் கடைசியில்.

"சத்தியமா?"

"சொல்லிட்டேன்ல." தொண்டையைச் செருமிக்கொண்டான். "அடுத்த வாரம் போட்டி இருக்கு."

"நான் வரல." ஷேட் நாயின் காதைத் தடவிக்கொண்டே சொன்னான். "நாய்க்காகப் பயந்து பொய் சொன்னேன். அது என் தப்பு. ஆனா நீ என்னத் திருடன்னு சொன்ன. இங்க வந்து சொல்லல, ஓவா கடையில நாலு பேர் முன்னாடி சொன்ன. இப்ப நான் உள்ள போனா அவ சுருட்டுப் பெட்டிய நகத்தி வெக்கிறா மச்சான். இத்தன வருசத்துல யாரும் எனக்கு அப்படிச் செஞ்சதில்ல."

"சரி, போய்ச் சொல்றேன். நாய் தின்னுச்சுன்னு சொல்லிட்டா தீந்தது."

"அதச் சொல்லக் கூடாது."

"ஏன்டா?"

"தோல் திங்கற நாய்னு பேரு வந்துட்டா, எவன் இவளக் கூட வேட்டைக்கு விடுவான்? அடிச்ச ரக்கூனக் கடிச்சுப் பாழாக்கிரும்பான். இவ குட்டிய ஒருத்தன் வாங்க மாட்டான். நான் திருடல, அவ்வளவு சொல்லு. இவ பேரு வாயில வரக் கூடாது."

அந்த வாரம் மழை விட்டு விட்டுப் பெய்தது. கடையில் ஆள் நிறைந்திருக்கும் நேரமாகப் பார்த்து, துணிப்பையில் போட்ட பாஞ்சோவைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆர்லிஸ் போனான். ஷேட்டும் வந்திருந்தான்; உள்ளே வராமல், நாயோடு வெளி முகப்பில் உட்கார்ந்துகொண்டான். கதவு திறந்தே இருந்தது.

"ஒரு விஷயம்" என்றான் ஆர்லிஸ். அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். "பாஞ்சோ என்னோடதுதான். ஷேட் திருடல. நான் சொன்னது தப்பு."

அவன் வாயிலிருந்து 'தப்பு' என்ற சொல் வந்து அங்கே யாரும் கேட்டதில்லை. ஒருவன் காதை விரலால் குடைந்துகொண்டான்.

"அப்ப சத்தம் மாறிப் போச்சுன்ன?" என்றாள் ஓவா.

"கன்னுத் தோல் மாட்டியிருந்துச்சு. அதான்."

"யாரு மாட்டினது?"

ஆர்லிஸ் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தான். நாயின் வால் மட்டும் தெரிந்தது.

"நான்தான்."

"நீயா?"

"முகாமுக்குப் போறதுக்கு முன்னாடி. மறந்துட்டேன்."

 கடையில் சிரிப்பு வெடித்தது. "பால்ல கோடு போடறவனுக்கு மறந்து போச்சாம்யா!" என்று ஒருவன் தொடையில் அடித்துக்கொண்டான். "உன் பேராவது ஞாபகம் இருக்கா ஆர்லிஸ்?"

ஓவா மட்டும் சிரிக்கவில்லை. கல்லாவின் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு அவனைக் கூர்ந்து பார்த்தாள். "காப்பி பூசியிருந்துச்சுன்னு டோவி சொன்னா. அதுவும் நீதானா?"

"ஆமா."

"யார ஏமாத்த?"

சிரிப்பு மெல்ல அடங்கியது. எல்லாரும் அவனைப் பார்த்தார்கள்.

"நீயே தோல மாத்திட்டு, நீயே காப்பி பூசிட்டு, மச்சான் மேல பழியப் போட்டியா? அவன் உனக்கு என்னய்யா கெடுதல் பண்ணினான்?" என்றாள் ஓவா.

ஆர்லிஸின் முகம் சிவந்தது. உண்மை நாக்கின் நுனியில் இருந்தது. நாலடி தள்ளி வாலாட்டிக்கொண்டும் இருந்தது. அவன் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டான்.

"என்னமோ பண்ணிட்டேன்" என்றான். "அவன் திருடல. அது போதும் உங்களுக்கு."

ஓவா கையை நீட்டி, கல்லாவின் மேலிருந்த சுருட்டுப் பெட்டியைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள்.

வெளியே வந்தான். ஷேட் எழுந்து நின்றிருந்தான். உள்ளே பேசியது அத்தனையும் அவன் காதில் விழுந்திருந்தது. கையை நீட்டி, பாஞ்சோ இருந்த பையைத் தொட்டுப் பார்த்தான். துணி ஈரமாக இருந்தது.

"தோல் தொய்ஞ்சிருக்கும் மச்சான். வீட்டுக்கு வா, அடுப்போரமா வெச்சுக் காய விட்டு ரெண்டு பாட்டு பாத்துருவோம். போட்டிக்கு நாள் இல்ல."

ஆர்லிஸ் படியிறங்கினான். ஜூனி அவன் தோளிலிருந்த பையையே பார்த்தபடி, உதட்டை நக்கிக்கொண்டு கூடவே வந்தது. அவன் பையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டான்.

"மொதல்ல இவளக் கட்டிப் போடு" என்றான்.